ஏற்றமும் இறக்கமும்

சமநிலத்தில் வாழ்வோர்க்கு மேடு அச்சந் தருவதாகவும், பள்ளம் ஆறுதல் தருவதாகவும் தோன்றுதல் இயல்பே. ஏறும்போது மூச்சு வாங்குகின்றது. இறங்கும்போது கால்கள் தாமே செல்லுகின்றன. ஆகவே, குன்றுகள் நிறைந்த நகரமொன்றில் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடி மீண்டவனை நோக்கி, ‘நின்னை வருத்தியது யாது?’ என வினவின், ‘ஏற்றமே’ என்று அவன் விடையிறுப்பான் என எதிர்பார்க்கின்றோம். அவனும் பெரும்பாலும் அவ்வாறே கூறுவான். ஆயினும், அத்தகைய ஓட்டங்களின் வரலாற்றையும் மனித உடலின் இயல்பையும் ஒருங்கு வைத்து ஆராயுமிடத்து, பழி ஓரிடத்தும் பாவம் ஓரிடத்தும் இருத்தல் புலனாகின்றது. ஓடுவோனது வலிமையைப் பெரிதும் கவர்ந்துகொள்வது, அவன் மகிழ்ச்சியோடு விரைந்து கடந்த இறக்கமே. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இஃது ஏட்டளவில் நின்றுவிடும் ஆராய்ச்சியன்று. இக்காலத்தில் நம் நாட்டு இளைஞரும் முதியோரும் திரள் திரளாக நெடுந்தொலை ஓட்டத்திற் புகுந்திருக்கின்றனர். யான் பிறந்து வளர்ந்த நெய்வேலி நகரியத்திலும், வைகறைப் பொழுதில், மரங்கள் நிழல் செய்யும் வட்டச் சாலைகளில் ஓடிப் பயில்வோரைக் காணலாம். 1956-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் பணியாளர்க்கென வரைபடத்திற் கோடிட்டு அமைத்த ஊர் அது. சாலைகள் நேரானவை, நிலம் சமமானது. குன்று எனச் சொல்லத்தக்கவை, சுரங்கத்தினின்றும் வாரியெடுத்துக் குவித்த மேல்மண் மேடுகளே. இத்தகைய சமநிலத்திற் பயின்ற கால்களோடு மலைப்பாங்கான ஊர்களுக்குச் சென்று ஓடுவோர், ஓட்டத்தை முடிக்க மாட்டாமலும், முடித்தும் பல நாள் படியிறங்க மாட்டாமலும் திரும்புவதுண்டு. காரணம் அறிந்தால் அத்துன்பத்திற் பெரும்பகுதியை நீக்கிக்கொள்ளலாம்.

முதற்கண் மராத்தான் ஓட்டத்தின் பிறப்பை நோக்குவோம். கிரேக்க நாட்டில் மராத்தான் என்னும் ஊரினின்றும் ஏதென்சு நகரம் வரை வெற்றிச் செய்தி சுமந்து ஓடிய வீரனைப் பற்றிய பழங்கதை யாவரும் அறிந்ததே. அக்கதையை நினைவுகூர்ந்து, 1896-ஆம் ஆண்டு ஏதென்சில் நடைபெற்ற முதல் ஒலிம்பிக் விழாவில் அவ்வழியே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் ஓட்டம் நிகழ்த்தினர். 42.195 கிலோமீட்டர் என்னும் இன்றைய அளவு 1908-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பெற்றது. 1921-இல் அதுவே நிலையான அளவாகக் கொள்ளப்பட்டது. அப்பழைய வழி மேடு மிக்கது; தொடக்கத்துச் சமவெளி நீங்கிய பின்னர் நெடுந்தொலைவு ஏறிச் சென்று, இறுதியில் நகரை நோக்கி இறங்குவது.

1896-ஆம் ஆண்டு ஓட்டத்தில் யாது நிகழ்ந்தது? அதே விழாவின் 1500 மீட்டர் ஓட்டத்தில் முதல் மூன்றிடங்களைப் பெற்ற ஆஸ்திரேலியராகிய பிளாக், அமெரிக்கராகிய பிளேக், பிரெஞ்சுக்காரராகிய லெர்மூசியோ ஆகிய மூவரும் இதிலும் கலந்துகொண்டனர். லெர்மூசியோ தொடக்கத்திலேயே மிக விரைந்து முன்னணியில் நின்றார். முடிவில் மூவருள் ஒருவரேனும் எல்லையை அடைந்தாரல்லர். வெற்றி பெற்றவர், நீர் சுமந்து விற்று வாழ்ந்த கிரேக்கராகிய ஸ்பிரிடோன் லூயிஸ். விரைவிற் சிறந்தோர் வீழ, நிதானத்திற் சிறந்தவர் வென்றார். மேடுபள்ளமான வழி புகட்டிய முதற் பாடம் இதுவாகும்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். மலைப்பாங்கான நகரில் நிகழும் மராத்தான் என்றால் நம் நாட்டு ஓட்டக்காரர் நினைவுக்கு முதலில் வருவது ஐதராபாத்து. கடல்மட்டத்திற்கு மேல் 500 மீட்டருக்கும் மிகுந்த உயரத்தில், தக்காணப் பீடபூமியின் கருங்கற்பாறைகள் மேல் அமைந்த நகரம் அது. அங்கு ஆகஸ்டு மாதத்தில், மழைக்காலத்துப் புழுக்கத்தினிடையே இவ்வோட்டம் நடைபெறுகின்றது. பதினாறாம் நூற்றாண்டில் வெட்டப்பெற்ற ஹுசேன் சாகர் ஏரிக்கரையிற் தொடங்கும் வழி, பஞ்சாரா ஹில்ஸ், ஜூபிலி ஹில்ஸ் எனப் பெயரிலேயே குன்றைத் தாங்கிய பகுதிகளின் மேடுகளைக் கடந்து, கச்சிபௌலி விளையாட்டரங்கை நோக்கிச் செல்வது. இயற்கை அமைத்த மேடுகள் போதாவென்று மனிதன் அமைத்த மேம்பாலங்களும் இடையிடையே எழுந்து நிற்கின்றன.

எம் நகரியத்தினின்றும் அங்குச் சென்று ஓடித் திரும்பிய அண்ணன் ஒருவர் கூறியது ஈண்டுக் குறிக்கத்தக்கது. ஒவ்வொரு மேம்பாலத்தின் மீதும் ஏறும்போது நேரம் இழந்ததாக எண்ணி, மறுபுறம் இறங்கும்போது அதனை ஈடுசெய்யக் கால்களை நீட்டி வைத்து விரைந்தாராம். பாதி வழி கடக்கும்வரை அக்கணக்குச் சரியாகவே இருந்தது. அதன் பின்னர்த் தொடைகள் மரக்கட்டைபோல் ஆயின. “மூச்சு இருந்தது தம்பி, காலைத்தான் காணோம்” என்றார் அவர். மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்புறமாகவே படியிறங்கினார். மூச்சு இருக்கவும் கால் ஓய்ந்தது ஏன் என்பதே நாம் ஆராயவேண்டிய வினா.

இவ்வினாவிற்கு விடை தேடச் சிறந்த இடம் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரம். 1897-இற் தொடங்கிய அந்நகரத்து மராத்தான், உலகில் ஆண்டுதோறும் நடைபெறும் மராத்தான் ஓட்டங்களுள் மிகப் பழமையானது. ஹாப்கின்டன் என்னும் ஊரிற் தொடங்கி நகரினுள் முடியும் அவ்வழி, மொத்தத்தில் ஏறக்குறைய 140 மீட்டர் இறங்குகின்றது. உலகச் சாதனையாக ஏற்கப்படும் வழியோ, ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டருக்கு மேல் இறங்கலாகாது என்பது விதி. தொடக்கமும் முடிவும் மிகத் தொலைவில் இருத்தலும் ஆகாது. ஆதலின், 2011-ஆம் ஆண்டு கென்யா நாட்டு ஜெப்ரி முத்தாய் அங்கு 2 மணி 3 நிமிடம் 2 நொடியில் ஓடி அந்நாளைய உலகச் சாதனையினும் விரைந்து முடித்திருந்தும், அது சாதனையாக ஏற்கப்படவில்லை.

இத்துணை இறக்கமுடைய வழி எளிதாதல் வேண்டுமன்றோ? ஆனால் அவ்வழியில் ஓடினோர் கூறுவது வேறு. முதற்பகுதி பெரும்பாலும் இறக்கம். ஏறக்குறைய 26-ஆம் கிலோமீட்டரின் பின்னர் நியூட்டன் என்னும் ஊரின் நான்கு மேடுகள் அடுத்தடுத்து வருகின்றன. அவற்றுள் இறுதியானது 33-ஆம் கிலோமீட்டரை ஒட்டியது. ‘ஹார்ட்பிரேக் ஹில்’, அஃதாவது நெஞ்சுடைக்கும் குன்று, என்பது அதன் பெயர். அப்பெயர் வந்த வரலாறும் சுவையானது. 1936-ஆம் ஆண்டு, முந்திய ஆண்டின் வெற்றியாளராகிய ஜான் கெல்லி, முன்னே சென்றுகொண்டிருந்த எல்லிசன் பிரவுன் என்பாரை அம்மேட்டிடத்தில் எட்டிப் பிடித்து, ஆறுதல் கூறுவார்போலத் தோளிற் தட்டிச் சென்றார். அத்தட்டலே பிரவுனுக்குக் கிளர்ச்சி ஊட்டிற்று. அவர் மீண்டும் முந்தி வென்றார். கெல்லி ஐந்தாமிடத்திற்குத் தாழ்ந்தார். அந்நிகழ்ச்சியைக் கண்டெழுதிய ஜெரி நேசன் என்னும் பத்திரிகையாளர் எழுத்தினின்றே அப்பெயர் வழங்கலாயிற்று.

இத்துணைப் புகழ்பெற்ற குன்றின் உயரம் எவ்வளவு? 27 மீட்டர் அளவே. ஏறும் தொலைவும் ஏறக்குறைய 600 மீட்டரே. இதனை ஒரு சிறு கணக்கால் அளந்து பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவன் சமநிலத்தில் ஒரு கிலோமீட்டர் ஓடச் செலவிடும் ஆற்றல் ஏறத்தாழ 60 கிலோகலோரி. அவன் உடலை 27 மீட்டர் உயர்த்த வேண்டும் வேலை ஏறக்குறைய 4 கிலோகலோரி. தசைகள் தாம் எரிக்கும் உணவில் நான்கிலொரு பங்கையே வேலையாக மாற்றுவன ஆதலின், உண்மைச் செலவு 15 கிலோகலோரி எனக் கொள்ளலாம். அஃதாவது, நெஞ்சுடைக்கும் குன்று கேட்கும் மிகைச் செலவு, சமநிலத்தில் கால் கிலோமீட்டர் ஓடுவதற்குரிய செலவே! நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட வந்தவனுக்கு இஃது ஒரு பொருட்டோ?

பொருட்டாதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, மேட்டிலும் சமநிலத்து வேகத்தையே விடாது பற்றும் பிடிவாதம். மேற்கண்ட கணக்கின்படி, வேகங் குறையாது அக்குன்றில் ஏறுவோன், ஏறும் பொழுதெல்லாம் ஐந்தில் இரண்டு பங்கு மிகுதியாக உழைக்க வேண்டியவனாகின்றான். வேகத்தைத் தளர்த்தி உழைப்பைச் சமமாக வைப்பவனுக்கு இழப்புச் சிறிதே. இரண்டாவது, தசையிலும் ஈரலிலும் சேர்ந்துள்ள சர்க்கரைச் சேமிப்பு. தொடக்கத்தில் வரம்பு மீறி விரைந்தவர்க்கு முப்பது கிலோமீட்டரைக் கடந்த அளவில் அது வற்றத் தொடங்குவது வழக்கம்; குன்றும் சரியாக அவ்விடத்தே வந்து நிற்கின்றது. மூன்றாவதே பலரும் அறியாதது: முன்னைய இறக்கங்களில் தொடைத்தசை அடைந்த சேதம்.

இதனை விளக்குவாம். ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடலை உயர்த்துகின்றது. இறங்கும்போதோ, ஒவ்வோர் அடியிலும் வீழ்கின்ற உடலைத் தாங்குவதற்காக, அத்தசை இறுகியவாறே நீளவேண்டியிருக்கின்றது. பாரம் ஏற்றிய வண்டி மேட்டினின்று இறங்கும்போது மாடுகள் இழுப்பதில்லை, கழுத்தாற் தாங்குகின்றன. பார்ப்பவனுக்கு அவை சும்மா நடப்பனபோலத் தோன்றும். நுகத்தடியின் அடியிலுள்ள கழுத்தையன்றோ கேட்கவேண்டும்!

1952-ஆம் ஆண்டு பிரிட்டனில் ஆபட், பிக்லண்ட், ரிச்சி என்னும் உடலியலறிஞர் மூவர் இதனை ஆராய்ந்தனர். இரண்டு மிதிவண்டிகளைப் பின்புறம் பின்புறமாக வைத்துச் சங்கிலியாற் பிணைத்தனர். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் பின்னோக்கிச் சுழலும் மிதிகளைக் காலாற் தடுத்துத் தாங்கினார். இருவர் கால்களிலும் இயங்கிய விசை ஒன்றே. ஆயினும் தடுத்துத் தாங்கியவர் செலவிட்ட உயிர்வளி மிதித்தவரினும் மிகக் குறைவாக இருந்தது. சிறிய உருவமுடைய பெண்மணி ஒருவர் பெரிய ஆடவர் ஒருவரை எளிதிற் களைக்கச் செய்து காட்டினார்.

இறக்கத்தின் வஞ்சகம் இங்கேதான் உள்ளது. குறைந்த நார்களே அவ்வேலையிற் புகுவதால் உயிர்வளிச் செலவு சிறிது. அதனாலேயே ஒவ்வொரு நாரின் மேலும் விழும் பாரம் பெரிது. நார்கள் நுண்ணிய அளவிற் சிதைகின்றன. மூச்சு எச்சரிப்பதில்லை, நெஞ்சு படபடப்பதில்லை, வலியோ ஒரு நாள் கழித்துத் தோன்றி, இரண்டு மூன்று நாள் மிகுந்து நிற்கும். பழனிப் படிகளையோ செஞ்சிக் கோட்டைப் படிகளையோ விரைந்திறங்கிய எவரும், அடிவாரத்தில் முழங்கால் நடுங்கியதையும் மறுநாட் பட்ட பாட்டையும் மறந்திரார்.

தென்னாப்பிரிக்காவில் 1921 முதல் நடைபெற்றுவரும் காம்ரேட்ஸ் ஓட்டமும் இதற்குச் சான்று பகர்கின்றது. 1860 முதல் நம் தமிழ் மக்கள் கூலிகளாகச் சென்று குடியேறிய டர்பன் துறைமுகத்திற்கும், உயரத்திலுள்ள பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரத்திற்கும் இடையே ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஓடுவது அது. கடற்கரையினின்று ஏறிச் செல்லும் திசையும், மேலிருந்து இறங்கி வரும் திசையும் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒன்றாக மாறி மாறி அமையும். இறங்கும் ஓட்டம் சில நிமிடம் விரைவாக முடியினும், கால்களை மிகுதியாக நோகச் செய்வது அதுவே என்பது இரண்டும் ஓடியவர் பலர் கூற்று.

ஆயின், சமநிலத்தார் செய்யத்தக்கது யாது? உடல் கற்றுக்கொள்ளும் இயல்புடையது. ஒருமுறை அளவோடு இறங்கிப் பழகிய தசை, சில வாரங்கள் வரை அத்தகைய சேதத்தை எதிர்த்து நிற்கும் என்பது ஆராய்ச்சியாளர் கண்ட உண்மை. ஆகவே, போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன்னரே ஒரு மேம்பாலத்திலோ குன்றுச் சாலையிலோ சிறிது சிறிதாக இறங்கி ஓடப் பழகுதல் வேண்டும். அவை கிட்டாதாயின், மாடிப்படிகளில் நிதானமாக இறங்கிப் பயில்வதும் ஓரளவு உதவும். போட்டிக்கு முந்திய வாரத்தில் இப்பயிற்சி கூடாது. நார்கள் தேறுவதற்கு நாள் வேண்டும். ஓடும் அன்று, இறக்கத்தில் அடிகளைக் குறுக்கி, விரைவாக எடுத்து வைத்து, குதிகாலை முன்னே நீட்டி ஊன்றாது செல்லவேண்டும். ஏற்றத்தில் கடிகாரத்தை மறந்து மூச்சின் அளவையே அளவாகக் கொள்ளவேண்டும். ஏற்றத்தில் இழந்த நொடிகளை இறக்கத்தில் வட்டியோடு வாங்க முயல்வோன், இறுதிப் பத்துக் கிலோமீட்டரில் முதலையும் இழப்பான்.

மாணவ நண்பர்களே! நம்மவருள் யாரேனும் ஐதராபாத்துக்கோ வேறு மலைநகருக்கோ ஓடச் செல்வீராயின், வழியின் வரைபடத்தை முன்னரே வாங்கிப் பாருங்கள். மேடுகளை எண்ணுவதோடு நில்லாது, அவற்றிற்கு முன்னுள்ள பள்ளங்களையும் எண்ணுங்கள். மேடு தன் விலையை அவ்விடத்தே கேட்டு வாங்கிக்கொள்ளும் நேர்மையுடையது. பள்ளமோ கடன் கொடுத்துப் பின்னர் வந்து கேட்பது. அக்கடனை அளவறிந்து வாங்குவோர், இறுதி மேட்டினையும் தம் காலாலேயே ஏறி முடிப்பர்.