36 ஆண்டு மர்மம், ஒரு கணினி, வாய் திறக்காத குடும்பம்: சுவீடன் நாவல் சொல்வது என்ன?

சுவீடன் நாட்டுப் பத்திரிகையாளர் ஸ்டீக் லார்சன் எழுதிய முதல் துப்பறியும் நாவல் 2005ஆம் ஆண்டு வெளிவந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. ஆங்கிலத்தில் ‘தி கேர்ள் வித் தி டிராகன் டாட்டூ’ என்ற பெயரில் வந்த அந்த நாவலும், அதைத் தொடர்ந்து வந்த இரண்டு நாவல்களும் உலகெங்கும் 8 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றுள்ளன. முதல் நாவல் இரண்டு முறை திரைப்படமாகவும் வந்துவிட்டது.

படம் பார்த்தவர்கள் பலருக்கு நினைவில் நிற்பவள், முதுகில் டிராகன் பச்சை குத்திக்கொண்டு, பிறர் கணினிக்குள் சத்தமில்லாமல் நுழையும் அந்த இளம்பெண்தான். நாவலைப் படிப்பவர்களுக்கோ வேறொரு கேள்வி மனத்தில் தங்கிவிடும். பணமும் செல்வாக்கும் உள்ள ஒரு குடும்பத்தில் ஒரு பெண்பிள்ளை காணாமல் போகிறாள். அன்று அங்கே உறவினர் கூட்டமே இருந்தது. அப்படியும் 36 ஆண்டுகள் உண்மை வெளிவராமல் இருந்தது எப்படி?

குற்றவாளி யார், அந்தப் பெண்ணுக்கு என்ன ஆனது ஆகிய இரண்டும் இக்கட்டுரையில் சொல்லப்படவில்லை. நாவலைப் படிக்க நினைப்பவர்கள் தயங்காமல் மேலே படிக்கலாம்.

பாலம் அடைபட்ட நாள்

கதை 2002ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்குகிறது. ஸ்டாக்ஹோமில் ‘மில்லெனியம்’ என்ற சஞ்சிகையை நடத்தும் பத்திரிகையாளர் மிக்கேல் புளும்க்விஸ்ட், பெரும் தொழிலதிபர் ஒருவரைப் பற்றி எழுதிய கட்டுரையை நிரூபிக்க முடியாமல் அவதூறு வழக்கில் தோற்கிறார். பெயர் கெட்டு, சிறைத் தண்டனையும் விதிக்கப்பட்ட நிலையில் அவருக்கு ஓர் அழைப்பு வருகிறது.

அழைத்தவர் 82 வயது ஹென்ரிக் வாங்கெர். ஒரு காலத்தில் நாட்டின் பெரிய தொழில் நிறுவனங்களுள் ஒன்றாக இருந்த வாங்கெர் குழுமத்தின் முன்னாள் தலைவர். அவருடைய அண்ணன் பேத்தி ஹாரியட், 1966ஆம் ஆண்டு, 16 வயதில் காணாமல் போனாள். அவளைக் குடும்பத்தில் ஒருவரே கொன்றுவிட்டதாக ஹென்ரிக் நம்புகிறார். அதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஊர் கண்ணுக்கு மட்டும், மிக்கேல் குடும்ப வரலாறு எழுத வந்தவர்.

வாங்கெர் குடும்பம் வாழ்வது ஒரு சிறு தீவில். நிலப்பகுதியோடு அதை இணைப்பது ஒரே ஒரு பாலம். ஹாரியட் காணாமல் போன அன்று அந்தப் பாலத்தில் எண்ணெய் லாரியும் காரும் மோதிக்கொண்டன. பாலம் அடைபட்டது. வாகனம் எதுவும் உள்ளே வரவும் முடியாது, வெளியே போகவும் முடியாது. துப்பறியும் கதைகளில் பூட்டிய அறைக்குள் கொலை நடப்பது பழைய உத்தி. லார்சன் ஒரு தீவையே பூட்டிய அறையாக்கிவிட்டார்.

ஹாரியட் உயிரோடு இருந்தவரை, ஹென்ரிக்கின் பிறந்தநாள்தோறும் உலர்ந்த பூவைச் சட்டமிட்டுப் பரிசளிப்பாள். அவள் போன பிறகும் அந்தப் பூ ஆண்டு தவறாமல் வந்துகொண்டே இருக்கிறது. கொலையாளிதான் தம்மைச் சித்திரவதை செய்ய அதை அனுப்புகிறான் என்று கிழவர் நினைக்கிறார்.

பழைய படங்கள் பேசுகின்றன

இணைய ஊடுருவல் நாவல் என்று பெயர் பெற்ற இக்கதையில், பழைய மர்மம் முதலில் நெகிழ்வது காகிதத்தில்தான். ஹாரியட்டின் குறிப்பேட்டில் ஐந்து பெயர்களும் அவற்றின் எதிரே ஐந்து எண்களும் இருக்கின்றன. தொலைபேசி எண்கள் என்று நினைத்த போலீஸ் அதிகாரி பல ஆண்டுகள் அவற்றோடு மல்லுக்கட்டி ஓய்ந்துவிட்டார். அவை என்ன என்பது, பார்க்க வந்த மிக்கேலின் மகள் போகிற போக்கில் சொல்லும் ஒரு வார்த்தையில் விளங்குகிறது.

அடுத்தது ஒரு படம். காணாமல் போன அன்று பகலில் ஹாரியட் ஊர்வலம் பார்க்க நகருக்குப் போயிருந்தாள். உள்ளூர் நாளிதழின் பழைய படச்சுருளில் அவள் முகம் இருக்கிறது. மற்றவர்கள் எல்லாம் ஊர்வலத்தைப் பார்க்க, அவள் மட்டும் தெருவின் எதிர்ப்பக்கம் எதையோ கண்டு திகைத்து நிற்கிறாள். அவள் பார்த்தது யாரை?

எதிர்ப்பக்கத்தைப் படம் பிடித்தவர் ஒருவர் இருந்தால் விடை கிடைக்கும். நாளிதழ்ப் படத்திலேயே அவளுக்குப் பின்னால் ஒரு வெளியூர்ப் பெண் கையில் கேமராவோடு நிற்கிறார். அந்தத் தம்பதியர் வந்த காரில் ஒட்டியிருந்த விளம்பரத்தை வைத்து, மிக்கேல் வடக்கே நோர்ஷோ என்ற ஊர்வரை போய், ஒரு குடும்பத்தின் பழைய ஆல்பத்தில் அந்தப் படத்தைத் தேடிப் பிடிக்கிறார்.

நோர்ஷோ கற்பனை ஊர் அல்ல. வட சுவீடனின் வெஸ்டர்போட்டன் மாநிலத்தில் உள்ளது. 1954இல் பிறந்த லார்சன், சிறு வயதில் தாய்வழித் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தது அதன் அருகிலுள்ள கிராமத்தில்தான்.

ஊடுருவல் எப்படி நடக்கிறது?

லிஸ்பெத் சலாண்டர் 24 வயதுப் பெண். ஒரு பாதுகாப்பு நிறுவனத்துக்காக ஆட்களின் பின்னணியை விசாரித்து அறிக்கை தருபவள். மிக்கேலை வேலைக்கு எடுக்கும் முன், அவரைப் பற்றி விசாரிக்கும் பொறுப்பு அவளிடம்தான் வருகிறது. அவருக்கே தெரியாமல் அவர் கணினிக்குள் நுழைந்து வேலையை முடிக்கிறாள்.

பின்னர் அந்த அறிக்கை மிக்கேலின் கைக்கு வருகிறது. தாம் எழுதி, பிறகு மாற்றிவிட்ட ஒரு பத்திரிகை அறிக்கையின் முந்திய வடிவம் அதில் இருப்பதைக் காண்கிறார். அந்த வடிவம் அவருடைய கணினியைத் தவிர வேறெங்கும் கிடையாது. கணினியில் புகுந்தவள் தடம் விடவில்லை, எடுத்து வந்த செய்தியே அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டது. மிக்கேல் புகார் செய்யவில்லை. அவள் வீட்டுக் கதவைத் தட்டி, தம்மோடு சேர்ந்து வேலை செய்ய அழைக்கிறார்.

நாவலில் வரும் ஊடுருவல் திரைப்படங்களில் காட்டுவதைப்போல் நொடியில் முடிவதில்லை. குறிவைத்த கணினியில் ஒரு நிரலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, கடைசியில் அந்தக் கணினியின் வன்தட்டில் உள்ள அனைத்துக்கும் தொலைவில் ஒரு நகலை உருவாக்குகிறாள். உரிமையாளர் தட்டச்சு செய்வது தம் கணினியில் என்று நினைப்பார். உண்மையில் அவர் வேலை செய்வது லிஸ்பெத் வைத்திருக்கும் நகலில். முன்பு மிக்கேலைச் சிறைக்கு அனுப்பிய தொழிலதிபரை மடக்கும் ஆதாரம் இப்படித்தான் கிடைக்கிறது.

இது சட்டப்படி குற்றம். சுவீடன் 1973இலேயே தனிநபர் தரவுகளைக் காக்க நாடு தழுவிய சட்டம் இயற்றியது. உலகில் அதுவே முதலாவது. மலேசியாவில் 1997ஆம் ஆண்டு கணினிக் குற்றங்கள் சட்டத்தின்கீழ், அனுமதியின்றிப் பிறர் கணினியில் நுழைந்தாலே 50,000 ரிங்கிட் வரை அபராதமோ 5 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். சிங்கப்பூரிலும் 1993 முதல் தனிச் சட்டம் உண்டு.

லார்சன் இந்த முரணை மழுப்பவில்லை. பெரிய இடத்துத் திருட்டை நேர்வழியில் நிரூபிக்க முடியாமல் தோற்ற பத்திரிகையாளர், திருட்டு வழியில் வந்த ஆதாரத்தை வைத்து வெல்கிறார். அது சரியா என்ற கேள்வியை நாவல் வாசகரிடமே விட்டுவிடுகிறது.

பாதுகாவலர் என்ற பெயரில்

லிஸ்பெத் வயது வந்தவள். ஆனாலும், தன் பணத்தைத் தானே எடுக்கும் உரிமை அவளுக்கு இல்லை. சிறு வயதில் மனநோயாளி என முத்திரை குத்தப்பட்டதால், நீதிமன்றம் நியமித்த பாதுகாவலர் ஒருவரின் கீழ் இருக்கிறாள். முதல் பாதுகாவலர் நல்ல மனிதர், அவளை நம்பினார். அவர் பக்கவாதத்தில் விழுந்ததும் அந்த இடத்துக்கு வரும் வழக்கறிஞர், வங்கிக் கணக்கைத் தன் பிடியில் வைத்துக்கொண்டு அவளிடம் கொடூரமாக நடந்துகொள்கிறார்.

அவள் போலீசுக்குப் போவதில்லை. தன் பேச்சு எடுபடாது என்று அனுபவத்தில் அறிந்தவள். அதற்கு அவள் எடுக்கும் பதிலடி, நாவலின் மிகக் கடுமையான பக்கங்கள். சுவீடனின் சமூகநலத் திட்டங்களை உலகம் மெச்சும் வேளையில், அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே ஒரு பெண் எப்படி நாதியற்றுப் போக முடியும் என்று லார்சன் காட்டினார்.

சுவீடிய மொழியில் நாவலின் பெயருக்குப் ‘பெண்களை வெறுக்கும் ஆண்கள்’ என்று பொருள். நான்கு பாகங்களும் பெண்களுக்கு எதிரான வன்முறை பற்றிய ஒரு புள்ளிவிவரத்தோடுதான் தொடங்குகின்றன. 2008இல் வந்த ஆங்கிலப் பதிப்பு தலைப்பை மாற்றி, பச்சை குத்திய பெண்ணை அட்டைக்குக் கொண்டுவந்தது. புத்தகம் பரபரப்பாக விற்றது. ஆனால், குற்றம் செய்தவர்களைக் குறித்த தலைப்பு, பாதிக்கப்பட்டவளைக் குறிக்கும் தலைப்பாக மாறிவிட்டது.

குடும்ப மானம் யாருக்காக?

வாங்கெர் குடும்பத்தினர் ஒருவரோடொருவர் பேசுவதே அரிது. ஹென்ரிக்கின் சகோதரர்களில் சிலர் நாஜி இயக்கத்தைச் சேர்ந்தவர்கள். இரண்டாம் உலகப் போரில் சுவீடன் நடுநிலை வகித்தாலும், அதன் இரும்புத் தாது ஜெர்மனிக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் காலத்தைப் பற்றி அங்குள்ள பல குடும்பங்கள் பேச விரும்பியதில்லை. லார்சனுக்கு இது ஏட்டறிவு அல்ல. தீவிர வலதுசாரி இயக்கங்களைக் கண்காணிக்கும் ‘எக்ஸ்போ’ என்ற சஞ்சிகையை 1995இல் தொடங்கியவர்களுள் அவரும் ஒருவர். அதற்காகக் கொலை மிரட்டல்களையும் சந்தித்தவர்.

மர்மம் தெளிந்த பிறகுதான் நாவல் தன் கடினமான கேள்வியைக் கேட்கிறது. கண்டுபிடித்ததை வெளியிடுவதா, வேண்டாமா? வெளியிட்டால் குடும்பத்தின் பெயரும், நிறுவனத்தை நம்பி வாழும் தொழிலாளர்களின் பிழைப்பும் கெடும். மறைத்தால், பாதிக்கப்பட்ட பெண்களின் உறவினர்களுக்கு உண்மை ஒருநாளும் தெரியாது. பிறர் மறைப்பதை வெளிக்கொணர்வதையே தொழிலாகக் கொண்ட மிக்கேல், அந்த இடத்தில் தடுமாறுகிறார். லிஸ்பெத்தோ, மௌனத்துக்கு விலையாக, பெண்கள் காப்பகங்களுக்கு அந்த நிறுவனம் ஆண்டுதோறும் நன்கொடை தர வேண்டும் என்று நிபந்தனை வைக்கிறாள்.

வீட்டு விஷயம் வீட்டோடு இருக்கட்டும் என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தப் பகுதி வெளிநாட்டுக் கதையாகத் தோன்றாது.

எழுத்தாளர் வீட்டில் நடந்தது

லார்சன் மூன்று நாவல்களையும் எழுதிப் பதிப்பகத்திடம் கொடுத்திருந்தார். 2004 நவம்பர் 9ஆம் தேதி, மின்தூக்கி வேலை செய்யாததால் படியேறி அலுவலகம் சென்றவர் மாரடைப்பில் காலமானார். வயது 50.

அவரோடு 32 ஆண்டுகள் வாழ்ந்தவர் கட்டடக் கலைஞர் ஏவா கேப்ரியல்சன். இருவரும் சட்டப்படி மணம் புரியவில்லை. மிரட்டல்கள் இருந்த நிலையில், திருமணம் பதிந்தால் முகவரி வெளியே தெரிந்துவிடும் என்பதே காரணம் என்று கேப்ரியல்சன் பின்னர் கூறினார். சேர்ந்து வாழும் துணைக்கு வீட்டிலும் வீட்டுப் பொருள்களிலும் பங்கு தரும் சுவீடன் சட்டம், வாரிசுரிமை தருவதில்லை. செல்லுபடியாகும் உயிலும் இல்லை. நாவல்களின் வருமானமும் உரிமையும் லார்சனின் தந்தைக்கும் தம்பிக்கும் போயின.

பெண்ணின் உரிமையைச் சட்டம் எப்படிக் கைவிடுகிறது என்று எழுதியவரின் துணைவியே, சட்டத்தின் கண்ணில் யாரோ ஒருவராகிவிட்டார். சாட்சியோடு எழுதிய ஒரு தாள் இருந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும். உயில் எழுதுவதைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் இந்த ஒன்றையாவது கவனத்தில் கொள்ளலாம்.

படிக்க விரும்புவோருக்கு

நாவலின் தொடக்கப் பக்கங்களில் நிதி விவகாரங்களும் வாங்கெர் குடும்ப உறவுமுறைகளும் நிறைய வரும். பெயர்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு படித்தால் குழப்பம் இராது. இரண்டாம், மூன்றாம் நாவல்கள் லிஸ்பெத்தின் கடந்த காலத்தைச் சொல்பவை என்பதால் வரிசையாகப் படிப்பதே நல்லது. 2015 முதல் வந்த தொடர்ச்சிகள் வேறு எழுத்தாளர்கள் எழுதியவை.

திரைப்படமாக, 2009இல் நூமி ராப்பஸ் நடித்த சுவீடியப் படமும், 2011இல் டேவிட் ஃபின்ச்சர் இயக்கிய ஹாலிவுட் படமும் உள்ளன. பின்னது படத்தொகுப்புக்காக ஆஸ்கார் விருது பெற்றது. நாவலிலும் இரு படங்களிலும் பாலியல் வன்முறைக் காட்சிகள் வெளிப்படையாக இருப்பதால், அவை பெரியவர்களுக்கு மட்டுமே உகந்தவை.