மூச்சுக்கு மூச்சு மைசூர்
நோஞ்சான் சிறுவனை நிமிர வைத்த அரண்மனை வகுப்பு, இன்று உலகத்தையே இந்த ஊருக்கு இழுத்து வருகிறது

விடிய இன்னும் நேரமிருக்கிறது. மைசூரின் கோகுலம் பகுதியில் பால்காரருக்கு முன்பே சிலர் எழுந்துவிட்டார்கள். தோளில் சுருட்டிய பாயுடன் ஒரு ஜெர்மானியர், இரண்டு ஜப்பானியப் பெண்கள், பின்னால் ஒரு பெங்களூர் சாஃப்ட்வேர்காரர். யோகசாலைக்குள் பேச்சுக் கிடையாது. கேட்பதெல்லாம் மூச்சுதான். தொண்டையை லேசாக இறுக்கி மூக்கு வழியே இழுத்து விடும் உஜ்ஜாயி. அறை முழுக்கப் பலர் சேர்ந்து விடும்போது, கடலோரத்தில் நிற்பது போலிருக்கிறது.

இன்னொரு விசேஷம்: ஒருவர் செய்வதைப் பக்கத்துப் பாய்க்காரர் செய்வதில்லை. ஒருவர் சூரிய நமஸ்காரத்திலேயே இருக்கிறார். அடுத்தவர் காலைக் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார். புதியவருக்குச் சில ஆசனங்கள் மட்டுமே. அவை உடம்பில் படிந்த பிறகுதான் ஆசிரியர் அடுத்ததைத் தருகிறார். யாருக்கும் யாரோடும் போட்டியில்லை, கொள்கையளவிலாவது. உலகெங்கும் இதற்கு 'மைசூர் பாணி' என்றே பெயர்.

இதன் வேர் அரண்மனையில் இருக்கிறது. 1930களில் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில், ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தினார் திருமலை கிருஷ்ணமாச்சார்யா. சமஸ்கிருதப் பண்டிதர், கோபக்காரர். ஆழ்வார் திருநகரியில் நாதமுனிகளின் 'யோக ரகசியம்' தமக்குக் காட்சியாகக் கிடைத்தது என்று நம்பிய வைணவர். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு பல ஊர்களில் செயல்விளக்கம் நடத்தினார். உடம்பை வில்லாக வளைத்துக் காட்டினால்தான் கூட்டம் சேரும் என்பது அவருக்குத் தெரியும்.

ஆனால் அந்த வீட்டுக்கு 1934ல் வந்து சேர்ந்த 15 வயது மைத்துனனிடம் காட்ட எதுவும் இல்லை. மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று மாறி மாறி அடிபட்ட உடம்பு. குனிந்தால் விரல்கள் முழங்காலைத் தாண்டுவதே பெரும்பாடு. பெல்லூர் கிருஷ்ணமாச்சார் சுந்தரராஜ ஐயங்கார் என்ற அந்தச் சிறுவன்தான் 1937ல் புனேவுக்குப் போய், பின்னாளில் உலகப் புகழ்பெற்ற பி.கே.எஸ். ஐயங்கார் ஆனார். கயிறு, மரக்கட்டை, நாற்காலி என்று அவர் வகுப்புக்குள் கொண்டு வந்த சாதனங்கள், வளையாத உடம்பின் கஷ்டம் தெரிந்தவருக்குத்தான் தோன்றியிருக்கும். 2014ல் இறந்தபோது அவருக்கு வயது 95.

ரீகா நகரில் பிறந்த இந்திரா தேவிக்கோ தடை வேறு. பெண், அதுவும் வெளிநாட்டவர் என்று குரு முதலில் மறுத்துவிட்டார். மன்னர் சொன்ன பிறகே சேர்த்துக்கொண்டார். 1947ல் அவர் ஹாலிவுட்டில் யோகா வகுப்பு ஆரம்பித்தார். வாழ்ந்தது 102 வயது வரை.

மைசூரிலேயே தங்கிவிட்டவர் பட்டாபி ஜோய்ஸ். ஹாசனில் 1927ல் கிருஷ்ணமாச்சார்யாவின் செயல்விளக்கத்தைப் பார்த்து, 12 வயதில் அவரிடம் சேர்ந்தவர். லட்சுமிபுரத்தில் 1948ல் ஆரம்பித்த அவரது யோகசாலை, ஒரு டஜன் பேருக்கு மேல் கொள்ளாத அறை. 1964ல் பெல்ஜியத்திலிருந்து வந்த ஆந்த்ரே வான் லிஸ்பெத் எழுதிய பிறகு வெளிநாட்டவர் வரத் தொடங்கினர். 2002ல் யோகசாலை கோகுலத்துக்கு இடம் மாறியது.

அப்படி என்னதான் கிடைக்கிறது? நாள்பட்ட முதுகுவலிக்கு மருந்துக்கு முன் முயற்சி செய்யத்தக்க வழிகளில் யோகாவும் ஒன்று என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017ல் பரிந்துரைத்தது. ரத்த அழுத்தம் ஓரளவு குறையலாம். மாத்திரைக்குத் துணையாகத்தான், மாற்றாக அல்ல. சர்க்கரை நோயை ஒழிக்கிறோம் என்று பலகை மாட்டுபவர்களிடம் ஜாக்கிரதை. கண்ணில் நீர் அழுத்த நோய் உள்ளவர்கள் சிரசாசனம் பக்கம் போகாமலிருப்பதே நல்லது. தலைகீழாக நின்றால் விழியழுத்தம் ஏறும்.

மருத்துவ ஏட்டில் ஏறாத சுகமும் உண்டு. ஒன்றரை மணி நேரம் வியர்வை சொட்டச் சொட்ட வளைந்தபின், மல்லாந்து கண்மூடிக் கிடக்கும் சில நிமிடங்கள். தோள் தரையில் முழுதாக அமர்வதை அப்போதுதான் பலர் முதல்முறையாக உணர்கிறார்கள். நேற்றுவரை எட்டாத கால் கட்டைவிரல் இன்று கைக்கு வருவது சின்ன விஷயம்தான். ஐம்பது வயதில் அப்படி ஒரு சின்ன விஷயம் வாய்ப்பது அபூர்வம்.

கசப்பான பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2009ல் மறைந்த பட்டாபி ஜோய்ஸ், ஆசனத்தைத் திருத்துவதாகச் சொல்லித் தங்களிடம் அத்துமீறினார் என்று முன்னாள் மாணவிகள் பலர் பின்னாளில் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினர். பேரன் சரத் ஜோய்ஸ் 2019ல் மன்னிப்புக் கேட்டார். அவரும் 2024ல் இறந்துவிட்டார். குருவின் கை தன்மேல் எவ்வளவு தூரம் வரலாம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை பாயில் இருப்பவருக்குத்தான்.

கிருஷ்ணமாச்சார்யாவே பிற்காலத்தில் மாறினார். மன்னர் 1940ல் காலமானார்; அரண்மனை யோகசாலையும் 1950ல் மூடப்பட்டது. 1952ல் சென்னைக்கு வந்தவர், நோயாளிகளைத் தனித்தனியாகப் பார்த்து, வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்ப ஆசனங்களை அமைத்துக்கொடுத்தார். மைசூரில் சிறுவர்களைத் துள்ளிக் குதிக்க வைத்த அதே மனிதர்! மகன் தேசிகாச்சார் 1976ல் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம் அந்த வழியில்தான் நடக்கிறது.

கோகுலத்தில் வெயில் ஏறுகிறது. வகுப்பு முடிந்தவர்கள் தெருமுனை இளநீர்க்காரரைச் சூழ்ந்து நிற்கிறார்கள். நாளை பௌர்ணமி, ஆசனத்துக்கு விடுமுறை. நஜர்பாத் மைலாரி ஓட்டலில் வெண்ணெய் வைத்த தோசைக்குக் காத்திருக்கும் கூட்டத்தில் இவர்களில் சிலரையாவது பார்க்கலாம்.