டிசம்பரில் சியாங் மாய் பாறைக்குப் போகிறீர்களா? புறப்படும் முன் இதைப் படியுங்கள்

பத்துமலை என்றால் நமக்கு 272 படிகளும் முருகன் சிலையும்தான் நினைவுக்கு வரும். அதே குன்றின் இன்னொரு பக்கத்தில், குவா டாமாய் பகுதியில், வார இறுதிகளில் கயிறு கட்டிப் பாறை ஏறும் இளையோரைக் காணலாம். அவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். உள்ளரங்குச் சுவரில் பழகி, பிறகு பத்துமலையில் ஏறி, கொஞ்சம் கைவந்ததும் ஆண்டு இறுதி விடுமுறையில் வெளிநாட்டுப் பாறைக்குப் போக ஆசைப்படுகிறார்கள்.

அப்படிப் போகும் இடங்களில் ஒன்று வடதாய்லாந்தின் சியாங் மாய். நகரின் கிழக்கே, முவாங் ஒன் குகைக்கு அருகில் 'கிரேஸி ஹார்ஸ்' என்ற சுண்ணாம்புப் பாறை இருக்கிறது. ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் குதிரைத் தலை போலத் தெரிவதால் அந்தப் பெயர். நகரிலிருந்து வண்டியில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

போவது எளிதுதான். ஆனால் பழகிய பாறையில் நம்மைக் காப்பாற்றிய பழக்கங்கள் எல்லாம் புது இடத்தில் கைகொடுக்கும் என்று நம்பிவிடக் கூடாது. பிள்ளைகளும் அவர்களை அனுப்பும் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டிய சில செய்திகளைப் பார்ப்போம்.

ஏன் குளிர்காலம்?

சியாங் மாயில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை குளிர்ந்த, மழை குறைந்த காலம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடியற்காலை வெப்பநிலை 15 பாகை அளவுக்கு இறங்கும். பகலில் 28 பாகையைத் தொடும். ஐரோப்பியருக்கு இது குளிரே இல்லை. ஆனால் கோலாலம்பூரின் புழுக்கத்தில் வளர்ந்த நமக்குக் காலையில் பல் கிட்டும்.

பாறை ஏறுபவர்கள் இந்தக் காலத்தைத் தேடிப் போவதற்குக் காரணம் வியர்வை. ஈரக் கை வழுக்கும். அதற்காகத்தான் இடுப்பில் பை கட்டி மெக்னீசியம் கார்பனேட் பொடியைக் கையில் பூசிக்கொள்கிறார்கள். காற்று உலர்ந்திருந்தால் கை பாறையை நன்றாகப் பற்றும். நம் ஊரிலோ பலத்த மழைக்குப் பிறகு சுண்ணாம்புப் பாறையின் உள்ளிருந்து பல நாள்களுக்கு நீர் கசிந்துகொண்டே இருக்கும்.

பயணத்தைப் பிப்ரவரி இறுதிக்கு மேல் தள்ளிப் போட வேண்டாம். அதன் பிறகு ஏப்ரல் வரை வயல்களையும் காடுகளையும் எரிக்கும் புகை அந்தப் பள்ளத்தாக்கில் தேங்கிவிடும். புகைமூட்டம் என்றால் என்ன என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த மாதங்களில் போகாமலிருப்பதே நல்லது.

ஒரே கல், வேறு குணம்

பத்துமலை, ஈப்போ குன்றுகள், சியாங் மாய் பாறை எல்லாமே சுண்ணாம்புக் கல்தான். மழை நீரில் கலந்துள்ள மெல்லிய அமிலம் கல்லைக் கரைத்துக் குழிகளையும் குகைகளையும் தொங்கும் கல் விழுதுகளையும் உண்டாக்குகிறது. அந்தக் குழிகளே ஏறுபவரின் கைப்பிடிகள்.

உள்ளரங்குச் சுவரில் எந்தப் பிடி யாருக்கு என்று வண்ணத்தில் காட்டியிருப்பார்கள். பாறையில் நாமேதான் தேட வேண்டும். கைக்கு உறுதியாகத் தெரியும் கல் விழுது பிடுங்கிக்கொண்டு வரலாம். குழிக்குள் குளவி இருக்கலாம். அதனால் தலைக்கவசம் ஏறுபவருக்கு மட்டுமல்ல, கீழே நின்று கயிறு பிடிப்பவருக்கும் கட்டாயம் வேண்டும். மேலிருந்து உதிரும் கல் முதலில் வந்து விழுவது அவர் மேல்தான்.

ஒவ்வொரு வழித்தடத்துக்கும் 5ஏ, 6ஏ, 6பி என்று கடினத்தைக் குறிக்கும் தரம் உண்டு. நம் நாட்டிலும் தாய்லாந்திலும் இதே பிரெஞ்சு முறைதான். ஆனாலும் ஓர் இடத்து 6ஏ இன்னோர் இடத்து 6ஏ போல இருக்காது. முதல் நாள் நமக்குக் கைவந்த தரத்திலிருந்து இரண்டு படி இறங்கித் தொடங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாறையின் குணத்தையும் போல்ட்டுகளுக்கு இடையில் உள்ள தூரத்தையும் கண் பழகிக்கொள்ள ஒரு நாள் ஆகும்.

கயிற்றின் கணக்கு

புது இடத்தில் உயிரோடு விளையாடுவது பெரும்பாலும் பாறையின் கடினம் அல்ல, கயிற்றின் நீளம்.

ஏறுபவர் உச்சியிலுள்ள வளையத்தில் கயிற்றைக் கோத்த பிறகு, கீழே நிற்பவர் அவரை மெல்ல இறக்குவார். அப்போது கயிறு மேலே போய்த் திரும்பி வருகிறது. ஆகவே 30 மீட்டர் வழித்தடத்துக்குக் குறைந்தது 60 மீட்டர் கயிறு வேண்டும். 35 மீட்டருக்கு 70 மீட்டர். கயிறு போதாவிட்டால், அதன் நுனி கீழே நிற்பவரின் கையிலுள்ள கருவி வழியாக உருவிப் போய்விடும். மேலே தொங்குபவர் நேராகத் தரையில் விழுவார்.

எங்கள் குழுவுக்கு இது நடக்க இருந்தது. பத்துமலையில் நாங்கள் ஏறிய தடங்கள் குட்டையானவை. கயிறு போதுமா என்று நினைத்துப் பார்க்க வேண்டிய தேவையே வந்ததில்லை. சியாங் மாயில் ஒரு நீளமான தடத்தில் ஏறினோம். எங்கள் கயிறு வாங்கும்போது 70 மீட்டர். தேய்ந்த நுனிகளை இரண்டு முறை வெட்டியதை எல்லோரும் மறந்துவிட்டோம். நண்பரை இறக்கும்போது, அவர் தரைக்கு மேல் ஏறக்குறைய 4 மீட்டர் உயரத்தில் இருக்கையில், கயிறு 'டக்' என்று நின்றது. கயிறு பிடித்த தங்கச்சி குனிந்து பார்த்தார். கருவியில் முட்டிக்கொண்டு நின்றது நுனியில் போட்டிருந்த முடிச்சு.

நண்பர் கைக்கெட்டிய போல்ட்டில் தம்மைக் கொளுவிக்கொண்டார். பக்கத்தில் ஏறிக்கொண்டிருந்த குழுவினர் தங்கள் கயிற்றைக் கொடுத்து உதவினார்கள். கீழே வந்தவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. அந்த முடிச்சைப் போட்டது அந்தத் தங்கச்சிதான். "சும்மா பழக்கத்துல போட்டேன் அண்ணா" என்றார்.

அந்தப் பழக்கம்தான் எங்கள் நண்பரைக் காப்பாற்றியது. இறக்கும் கயிற்றின் நுனியில் முடிச்சுப் போட ஐந்து விநாடி போதும். கயிற்றின் நீளத்தை வீட்டிலேயே அளந்து பாருங்கள். வழித்தடத்தின் உயரத்தை வழிகாட்டிப் புத்தகத்திலும், அங்குள்ள உள்ளூர் வழிகாட்டிகளிடமும் கேட்டு உறுதி செய்யுங்கள். தரையை விட்டுக் கால் எடுக்கும் முன் இருவரும் ஒருவர் முடிச்சையும் கருவியையும் மற்றவர் தொட்டுப் பாருங்கள். எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் சரி.

இருட்டு முந்திக்கொள்ளும்

நம் ஊரில் மாலை 7 மணி வரை வெளிச்சம் இருக்கும். தாய்லாந்தில் கடிகாரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால். டிசம்பரில் சியாங் மாயில் 5.45 மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். "இன்னும் ஒரு தடம் ஏறிவிடலாம், மணி ஐந்துதானே" என்று நினைப்பவர்கள் இருட்டில் பாறையில் மாட்டிக்கொள்கிறார்கள். மாலை 4 மணிக்கு மேல் புது நீளத் தடம் எதையும் தொடங்காதீர்கள். ஒவ்வொருவர் பையிலும் தலையில் மாட்டும் விளக்கு இருக்கட்டும்.

குளிரில் உடம்பு

காலைக் குளிரில் விரல் மரத்திருக்கும்போது சிறு பிடியில் முழு எடையையும் போட்டால் விரலின் தசைநாணைப் பிடித்திருக்கும் பட்டைகள் கிழியலாம். ஆற மாதக்கணக்கில் ஆகும். பாறைக்கு நடந்து போய், கைகால்களை அசைத்து, எளிய தடங்களில் ஏறி உடம்பைச் சூடாக்கிய பிறகே கடினமானதைத் தொடுங்கள். அசையாமல் நின்று கயிறு பிடிப்பவருக்குத்தான் அதிகமாகக் குளிரும். அவருக்குக் கம்பளிச் சட்டை வேண்டும். உலர்ந்த காற்றில் வியர்ப்பது தெரியாது என்பதால் தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள். திரும்பும் வழியில் சான் கம்பேங் வெந்நீர் ஊற்று இருக்கிறது. கூடையில் முட்டையை அவித்துச் சாப்பிட்டு, காலை நனைத்துவிட்டு வரலாம்.

பெற்றோர் கேட்க வேண்டியவை

"போகாதே" என்று சொன்னால் பிள்ளைகள் சொல்லாமல் போவார்கள். அதைவிட இவற்றைக் கேளுங்கள்.

உன் கயிறு எத்தனை மீட்டர், எப்போது அளந்தாய்? உனக்குக் கயிறு பிடிக்கப் போவது யார், அவரோடு இதற்கு முன் ஏறியிருக்கிறாயா? பயணக் காப்புறுதி பாறை ஏறுவதற்கும் பொருந்துமா? பல காப்புறுதிகள் இதை விலக்கிவிடுகின்றன. வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்ட முறையான உரிமம் இருக்கிறதா? தாய்லாந்தில் மருத்துவ அவசர எண் 1669, சுற்றுப்பயணிகளுக்கான போலீஸ் எண் 1155 என்று தெரியுமா?

இந்தக் கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் சொல்லும் பிள்ளையை நம்பி அனுப்பலாம். பதில் தெரியாவிட்டால், இன்னும் சில வாரம் பத்துமலையிலேயே பழகட்டும். சியாங் மாய்ப் பாறை அடுத்த டிசம்பரிலும் அங்கேயேதான் இருக்கும்.