சைக்கிளுக்கும் ஓர் இடம் கொடுங்கள்!

பெண்கள் சைக்கிள் ஓட்டினால் ஊரே சிரிக்கும் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. 1991-92ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் எடுத்த முயற்சியால் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். 2001-02ல் ஆதிதிராவிட, பழங்குடியின மாணவிகளுக்கு அரசே இலவச சைக்கிள் தர ஆரம்பித்து, பிறகு மற்ற மாணவ, மாணவியருக்கும் கொடுத்தது.

ஓட்டக் கற்றுக் கொடுத்தாச்சு, சைக்கிளும் கொடுத்தாச்சு. டவுனுக்குள் வந்தால் அதை எங்கே நிறுத்துவது? அதைத்தான் யாரும் யோசிக்கவில்லை!

முன்பெல்லாம் பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன், சினிமா தியேட்டர் என்று எங்கே போனாலும் சைக்கிள் ஸ்டாண்ட் இருக்கும். ஹேண்டில்பாரில் ஒரு டோக்கனை மாட்டி, இன்னொன்றை நம் கையில் கொடுப்பார்கள். நிம்மதியாகப் போய் வரலாம். இன்று அந்த இடங்களை எல்லாம் பைக்கும் ஸ்கூட்டரும் அடைத்துக் கொண்டுவிட்டன. "சைக்கிளா? அந்த ஓரமா போட்டுட்டுப் போம்மா, தொலைஞ்சா நாங்க பொறுப்பில்லை" என்பதுதான் கிடைக்கும் பதில்.

எங்கள் தெருவில் பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண், பஸ் ஸ்டாப் அருகே சைக்கிளைப் பூட்டிவிட்டு, பஸ் பிடித்து டியூஷன் போவாள். ஒரு நாள் திரும்பி வந்து பார்த்தால் சைக்கிளைக் காணோம். பின்சக்கரத்தில் பூட்டு இருந்து என்ன பயன்? அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இருட்டில் அவ்வளவு தூரம் பெண் நடந்து வருவதா என்று பயந்து, அவள் அப்பா டியூஷனையே நிறுத்திவிட்டார். பரீட்சைக்கு மூன்றே மாதம் இருந்தது. விடிகாலையில் பஸ் இல்லாத நேரத்தில் வேலைக்குக் கிளம்பும் பெண்களுக்கோ, சைக்கிள் போனால் வேலையே போய்விடும்.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் தேவையில்லை. 'ப' எழுத்தைக் கவிழ்த்த மாதிரி இரும்புக் குழாயை வளைத்துத் தரையில் சிமென்ட் போட்டுப் பதித்தால் போதும். ஒரு குழாயில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைக்கிளைச் சங்கிலியால் கட்டலாம். முன்சக்கரத்தை மட்டும் செருகி வைக்கும் கம்பி ஸ்டாண்ட் சரிப்படாது. சைக்கிள் சாய்ந்தால் ரிம் வளையும். முன்சக்கரத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கழற்றிக்கொண்டு போகலாம். ஒரு கார் நிற்கும் இடத்தில் சுமார் பத்து சைக்கிள் நிற்கும். நெதர்லாந்தில் உட்ரெக்ட் ரயில் நிலையத்தில் 12,500 சைக்கிள்கள் நிறுத்த 2019ல் இடம் கட்டி முடித்தார்கள். முதல் 24 மணி நேரத்துக்குக் காசு கிடையாது. நமக்கு அவ்வளவு வேண்டாம். பஸ் ஸ்டாண்ட், மார்க்கெட், ஆஸ்பத்திரி வாசலில் பத்துப் பத்துக் குழாய், அதுவும் நாலு பேர் கண்ணில் படும் இடத்தில், விளக்கு வெளிச்சத்தில் இருந்தால் போதும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது: சைக்கிளின் ஃபிரேமையும் பின்சக்கரத்தையும் சேர்த்துச் சங்கிலி போட்டு, அசையாத கம்பியோடு பூட்டுங்கள். பெடல் அச்சுக்கு அடியிலோ, சீட்டுக்குக் கீழே உள்ள குழாயிலோ ஒரு நம்பர் அடித்திருப்பார்கள். அதை ஒரு நோட்டில் குறித்து, பில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். போலீசில் புகார் கொடுக்கும்போது அந்த நம்பர்தான் கைகொடுக்கும்.

வார்டு கவுன்சிலர் அடுத்த முறை தெருவுக்கு வரும்போது, தண்ணீர், சாக்கடையோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள் சகோதரிகளே!

- ஒரு குடும்பத் தலைவி, மதுரை.