மண்ணைக் கற்கும் விரல்கள்

ஓவியத்துக்குக் கண் வேண்டும், இசைக்குச் செவி வேண்டும், நடனத்துக்குக் கால் வேண்டும் என்று நாம் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். இவற்றில் ஒன்று குறைந்தவர்களை அரங்குக்கு வெளியே உட்கார வைத்துவிட்டு, அவர்களுக்காக இரக்கமும் படுகிறோம். இந்தக் கணக்குச் சரிதானா?

சென்ற கோடை விடுமுறையில் பெண்ணாடத்தில், பார்வையற்ற, செவிகேளாத இளைஞர்கள் சிலருக்கு மண்ணுருவம் செய்யக் கற்பித்த சிறு வகுப்பு ஒன்றில் நான் உதவியாளனாக இருந்தேன். வரலாறு படிக்கும் எனக்கு மண் பிசையத் தெரியாது. அவர்களோடு சேர்ந்தே கற்றேன். ஆகவே ஆசிரியன் என்றல்ல, உடன் பயின்றவன் என்ற முறையிலேயே எழுதுகிறேன்.

பெண்ணாடத்தை மெய்கண்டார் பிறந்த ஊர் என்று நம் தமிழ்த்துறையினர் பெருமையோடு கூறுவர். பக்கத்திலுள்ள விருத்தாசலத்தின் பெருமையோ பீங்கான். மின்சார ஃபியூஸ் கட்டைகள், கோப்பைகள், கொலு பொம்மைகள் எல்லாம் அங்கே உருவாகின்றன. பொம்மை செய்யும் முறை எளிது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் களிமண் குழம்பை ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்ச உறிஞ்ச, அதன் உட்சுவரில் மண் ஓர் ஏடாகப் படியும். மிச்சக் குழம்பைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, இறுகியதும் அச்சைப் பிரித்தால் உள்ளீடற்ற பொம்மை கிடைக்கும். அச்சின் இரு பாதிகளும் கூடிய இடத்தில் ஒரு பிசிறு நிற்கும். அதைச் சீவி எடுக்க வேண்டும். எங்கள் வகுப்பில் பார்வையற்ற மாணவர் ஒருவர், நாங்கள் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தும் காணாத பிசிறை ஒரே தடவலில் கண்டுபிடித்தார். இது அதிசயம் ஒன்றுமில்லை. பிசிறு என்பது தொடுவதற்குரிய குறை. அதைக் கண்ணால் தேடிய நாங்கள்தான் சுற்றுவழியில் போனோம்.

பெரிய புராணத்தில் தண்டியடிகள் வரலாற்றைப் படித்திருப்பீர்கள். பார்வையற்ற அவர், திருவாரூர்த் திருக்குளத்தைத் தாமே தோண்ட முனைந்தார். குழியில் ஒரு தறி, கரையில் ஒரு தறி நட்டு, இடையே கயிறு கட்டி, அதைத் தடவியபடியே மண் சுமந்தார். ஏளனம் செய்தவர்களும் இருந்தனர். பின்னர் அவர் பார்வை பெற்ற அற்புதத்தையே நாம் பேசுகிறோம். எனக்கு அந்தக் கயிறுதான் பெரிதாகப் படுகிறது. கற்பிப்பவன் கட்டித் தர வேண்டியதும் அப்படியொரு கயிறுதான்.

மண்வேலையில் அந்தக் கயிறுகள் பல. உருவம் காய்ந்ததா என்று எப்படி அறிவது? கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் காயாத மண் குளிர்ந்திருக்கும். கண்ணுள்ள குயவரும் இப்படித்தான் பார்ப்பர். இதில் கவனக்குறைவு கூடாது. நீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 மடங்கு இடம் கேட்கும். தடித்த மண்ணுக்குள் அகப்பட்டால் சூளையில் உருவம் வெடித்துவிடும். ஐயனார் கோயில் மண்குதிரைகளின் வயிறு வெறுமையாக இருப்பதற்கும் இது ஒரு காரணம். கட்டைவிரலை உள்ளேயும் மற்ற விரல்களை வெளியேயும் வைத்து, சுவரின் கனத்தை அளக்கக் கற்றுக்கொடுத்தோம். கத்திரி வெயிலில் இன்னொரு தொல்லை: மேற்புறம் சட்டென்று காய்ந்து உட்புறம் ஈரமாகவே நின்றுவிடுவதால் விரிசல் விழும். ஈரச் சாக்குப் போர்த்தி, மெல்ல மெல்ல ஆறவிட்டோம்.

எல்லாவற்றிலும் கடினமானது ஆசிரியரின் கையைக் கட்டிப்போடுவது. ஒரு மாணவி தம் தாயைச் செய்தார். தலை எலுமிச்சை அளவு. கைகள் இரண்டும் உடம்பைவிடப் பெரியவை. உதவ வந்த ஒருவர், “கையைச் சின்னதாக்கிவிடட்டுமா அம்மா?” என்று கேட்டார். “வேண்டாங்க ஐயா, எங்க அம்மா எனக்குக் கைதான்” என்றார் அந்தப் பெண்.

வியன்னாவில் பார்வையற்றோர் பள்ளியில் கலை கற்பித்த விக்டர் லோவன்ஃபெல்டு இதைப் பற்றி 1939-இல் நூலே எழுதினார். காட்சியால் உலகை அறிவோர் ஒருவகை. தொடுகையாலும் உடலுணர்வாலும் அறிவோர் மற்றொருவகை. பின்னவர் செய்யும் உருவில், உணர்வில் பெரியது அளவிலும் பெரிதாகும். அதைத் திருத்துவது, ஒருவர் பேச்சை நிறுத்தி நம் பேச்சை அவர் வாயில் திணிப்பது போன்றது.

சாந்திநிகேதனத்து ஓவியர் வினோத் பிஹாரி முகர்ஜி 1950-களின் பிற்பகுதியில் பார்வையை முற்றும் இழந்தார். பின்னரும் காகிதத்தை வெட்டி ஒட்டினார், மெழுகில் உருவம் பிடித்தார். 1972-இல் கலாபவனச் சுவரில் பீங்கான் ஓடுகளால் பெரும் சித்திரம் ஒன்றையே அமைத்தார். அவருடைய மாணவரான சத்யஜித் ராய் அதே ஆண்டில் அவரைப் பற்றி ‘தி இன்னர் ஐ’ என்ற குறும்படம் எடுத்தார். பீங்கான் நாட்டில் வாழும் நமக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

செவிகேளாதவர்களுக்குக் கற்பிக்கும் முறை வேறு. நாம் கையைப் பார்த்துக்கொண்டே சொல்லையும் கேட்கிறோம். அவர்களுக்குச் சொல்லும் கண்வழியே வருவதால், ஒரே நேரத்தில் மண்ணையும் சைகையையும் பார்க்க இயலாது. முதலில் செய்துகாட்டி, கையை நிறுத்தி, அதன்பிறகே விளக்க வேண்டும். வகுப்பு இதனால் மெதுவாக நடந்தது. எனக்கோ அப்போதுதான் பாடம் நன்றாகப் புரிந்தது!

ஒருநாள் ஒரு மாணவரின் தந்தை, “தம்பி, இதனால இவனுக்குச் சோறு கிடைக்குமா?” என்று கேட்டார். கரும்புக் கொல்லையில் வேலை செய்பவர். நம் கல்லூரி நாடகக் குழுவை யாரும் இப்படிக் கேட்பதில்லை. ஆனால் அவருக்குக் கேட்க உரிமை உண்டு. பிசிறு சீவும் வேலைக்கு அந்தக் கை பொருந்தும், ஆனால் இந்த வகுப்பு வேலைக்கு உறுதி சொல்லவில்லை என்று உண்மையையே கூறினேன். அவர் சற்று யோசித்துவிட்டு, “வீட்ல சும்மா உக்காந்திருக்கிறதுக்கு இது தேவலை” என்றார். அந்தப் பதில் என்னை இன்னும் உறுத்துகிறது.

2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளைக் குறிப்பிட்டது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. அதன் 29-ஆம் பிரிவு, பண்பாட்டு வாழ்வில் அவர்களுக்குள்ள பங்கையும், அவர்களில் கலைஞர், எழுத்தாளர்களுக்குத் தர வேண்டிய ஆதரவையும் கூறுகிறது. சும்மா உட்காராமல் இருப்பதைவிடப் பெரிய உரிமை அது.

காய்ந்த உருவங்களைக் கரும்புச் சோகையில் பொதிந்து, மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் விருத்தாசலம் சூளைக்குக் கொண்டு சென்றோம். இரண்டு வெடித்தன. பெரிய கைகளுள்ள அந்தத் தாய் முழுதாக வந்தாள். அடுத்த கோடையில் உதவ விரும்பும் நண்பர்கள் பழைய சாக்குகளும் பலகைத் துண்டுகளும் கொண்டு வரலாம். காலை ஏழு மணிக்கே வந்துவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் மண் கைக்கு அடங்காது.