மாரடைப்பும் இரத்தம் கூறும் சான்றும்

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வழியாகச் செல்லும் நெடுஞ்சாலை, களியக்காவிளையில் தமிழ்நாட்டு எல்லையை அடைகிறது. ரப்பரும் வாழையும் மரவள்ளியும் பயிராகும் இவ்வெல்லைக் கிராமங்களில் ஒருவருக்கு நெஞ்சு வலி கண்டால், அவரைத் திருவனந்தபுரத்திற்குக் கொண்டு செல்வோர் உண்டு. நாகர்கோவிலுக்குக் கொண்டு செல்வோரும் உண்டு. எங்குச் சென்றாலும் மருத்துவர் தவறாது கேட்கும் கேள்வி ஒன்று: வலி எப்பொழுது தொடங்கிற்று? இதற்கு விடை கிடைக்காவிடில், இரத்தப் பரிசோதனையின் முடிவுக்குச் சரிவரப் பொருள் கொள்ளுதல் அரிது.

இருதயத் தசைக்கு உணவூட்டும் இரத்தக் குழாய் அடைபட்டால், அத்தசையின் உயிரணுக்கள் மடியத் தொடங்குகின்றன. அவற்றினுள் இருந்த பொருள்கள் இரத்தத்தில் கலக்கின்றன. அவ்வாறு கலக்கும் நொதி ஒன்றை 1954-ஆம் ஆண்டு நியூயார்க் ஆராய்ச்சியாளர்கள் அளந்து காட்டினர். ஆயினும் அந்நொதி கல்லீரலிலும் உண்டாகையால் ஐயத்திற்கு இடமிருந்தது. இன்று அளக்கப்படுவது, இருதயத் தசைக்கே உரிய ட்ரோபோனின் என்னும் புரதம். வழக்கமான சோதனையில் இது வலி தொடங்கி மூன்று, நான்கு மணி நேரத்திற்குப் பின்னரே உயர்ந்து காணும். சுமார் ஒரு நாளில் உச்சம் எய்தி, ஒரு வாரம் வரையிலும் நீடிக்கும்.

ஆகவே, வலி கண்ட முதல் மணியில் எடுத்த இரத்தத்தில் குறை காணாமையால் மாரடைப்பு இல்லை என முடிவு செய்தல் தவறு. 'வாயுத் தொல்லைதான்' என்று வீடு திரும்புவோருக்கு நேரும் அபாயம் இதுவே. சில மணி நேரம் கழித்து மீண்டும் சோதித்தல் வேண்டும். ட்ரோபோனின் எவ்வளவு மிகுதியோ, பின்விளைவும் பெரும்பாலும் அவ்வளவு கடுமை. இருதயச் சுவர் விரிந்து தளர்வதைக் காட்டும் பி.என்.பி. என்னும் மற்றொரு பொருள், பின்னர் இருதயம் செயலிழக்கக் கூடுமா என்பதை முன்னறிய உதவுகிறது. ஆனால் ஈ.சி.ஜி. படத்திலேயே முழு அடைப்பு புலனானால், இரத்த முடிவுக்காகக் காத்திராமல் சிகிச்சை தொடங்குதல் முறை.

கேரளத்தில் 2007 முதல் 2009 வரை 125 மருத்துவமனைகளில் 25,748 நோயாளிகளைப் பற்றிய விவரங்கள் திரட்டப்பட்டன. முழு அடைப்பு வகையினருள் 41 சதவீதத்தினர், வலி தொடங்கி ஆறு மணி நேரம் கடந்த பின்னரே மருத்துவமனையை அடைந்தனர். அதற்குள் மடிந்த தசை மீள்வதில்லை.

களப்பணியாளரும் ஆசிரியரும் ஆற்றக்கூடிய தொண்டு எளியது. நெஞ்சில் அழுத்தம், இடக்கைக்குப் பரவும் நோவு, குளிர்ந்த வியர்வை இவை கண்டவுடன் 108-ஐ அழைத்தல். வலி தொடங்கிய நேரத்தை ஒரு தாளில் குறித்தல். எல்லை கடந்து வேறு மருத்துவமனைக்கு மாற்ற நேரின், அத்தாளையும் முதற் சோதனை முடிவையும் நோயாளியுடன் அனுப்புதல். அச்சிறு குறிப்பே இரத்தம் கூறும் சான்றை மருத்துவர் பிழையின்றி அறிய வழி செய்யும்.