சார்புத் திசைவேகம்

நகரும் ஒரு பொருளிலிருந்து பார்க்கும்போது மற்றொரு பொருளுக்கு இருப்பதாகத் தோன்றும் திசைவேகம் சார்புத் திசைவேகம் எனப்படும். பார்க்கப்படும் பொருளின் திசைவேகத்திலிருந்து பார்ப்பவரின் திசைவேகத்தைக் கழித்தால் இது கிடைக்கும். இணையான பாதைகளில் ஓடும் தொடர்வண்டிகளுக்கு, எதிர்த்திசைக்குக் குறை குறியிட்டு எண்களைக் கழித்தாலே போதும். பாதைகள் குறுக்கிடும்போது திசையன் முறையில் கழிக்க வேண்டும்.

காரைக்கால் மீன்பிடித் துறைமுகம் அரசலாற்றின் முகத்துவாரத்தை ஒட்டியது. அதற்குத் தெற்கே வாஞ்சூரில் 2009 முதல் சரக்குத் துறைமுகம் இயங்குகிறது. கிழக்கே கடலுக்குள் செல்லும் படகின் பாதையில் வடக்கிலிருந்து வரும் கப்பல் குறுக்கிடலாம்.

படகு கிழக்கு நோக்கி மணிக்கு 5 கடல் மைலும், கப்பல் தெற்கு நோக்கி மணிக்கு 12 கடல் மைலும் செல்வதாகக் கொள்வோம் (1 கடல் மைல் = 1.852 கி.மீ.). படகின் திசைவேகத்தைக் கழிப்பது, அதைத் திருப்பி மேற்கு நோக்கிய 5 ஆக்கிக் கப்பலின் திசைவேகத்துடன் கூட்டுவதற்குச் சமம். மாணவர்கள் திருப்ப மறப்பது இந்த இடத்தில்தான்.

சார்பு வேகம் = √(5² + 12²) = 13 கடல் மைல்/மணி

இதன் திசை, தெற்கிலிருந்து மேற்காக ஏறத்தாழ 22.6° (டேன் மதிப்பு 5/12).

கப்பலின் முகப்பு நேர் தெற்கே இருப்பதால், அது தமக்கு முன்னால் கடந்துவிடும் என்று படகில் இருப்பவர் எண்ணக்கூடும். ஆனால் தொடக்கத்தில் கப்பல் படகுக்கு 12 கடல் மைல் வடக்கிலும் 5 கடல் மைல் கிழக்கிலும் இருந்தால், சார்புத் திசைவேகம் படகை நோக்கியே அமைகிறது. இரண்டும் போக்கை மாற்றாவிட்டால் 1 மணி நேரத்தில் மோதும். அதுவரை படகிலிருந்து கப்பல் ஒரே திசையிலேயே தெரியும். உருவம் மட்டும் பெரிதாகிக்கொண்டே வரும்.

கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கான 1972ஆம் ஆண்டுப் பன்னாட்டு விதிகளும், நெருங்கும் கப்பல் தெரியும் திசை குறிப்பிடத்தக்க அளவு மாறாவிட்டால் மோதும் அபாயம் உண்டு என்றே கொள்ளச் சொல்கின்றன. மிகப் பெரிய கப்பலாக இருந்தால், திசை மாறினாலும் சில வேளை அபாயம் உண்டு என்றும் அவை எச்சரிக்கின்றன.

அதே கப்பல் தொடக்கத்தில் 5க்குப் பதில் 6 கடல் மைல் கிழக்கே இருந்திருந்தால், படகின் மிக அருகில் வரும்போது இடைவெளி 12/13, அதாவது சுமார் 0.92 கடல் மைல் ஆகும்.

இக்கரையோர நீரோட்டம் மார்ச், ஏப்ரலில் வடக்கு நோக்கியும் நவம்பரில் தெற்கு நோக்கியும் ஓடும். அது இரண்டையும் ஒரே அளவில் இழுத்தால், கழிக்கும்போது நீங்கிவிடும்; சார்புத் திசைவேகம் மாறாது.